வேன் நிற்கத் தரை இருக்கிறதா? கடற்கரையில் கூடாரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் நான்கு பேர், அதில் இரண்டு சிறு பிள்ளைகள். எங்களிடம் இருப்பது முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வேன். கடற்கரையில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்க ஆசை. எப்படிப்பட்ட கடற்கரையைப் பார்ப்பது?

பதில்: முதலில் வேன் நிற்கும் தரையைப் பாருங்கள், கடலைப் பிறகு பார்க்கலாம். இரண்டு சக்கரம் இழுக்கும் வண்டியை மணலில் இறக்கவே கூடாது என்று வைத்துக்கொண்டால் தேர்வு எளிதாகிவிடும். தார்ச்சாலையோ இறுகிய சரளைத் தரையோ மணல் தொடங்கும் இடம்வரை வந்து முடிய வேண்டும். அங்கிருந்து கூடாரம் 100 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. நான்கு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் தண்ணீராவது வேண்டும். அதுவே 20 கிலோ. அதைச் சுமந்துகொண்டு, பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடக்கும் தூரம்தான் உங்கள் எல்லை.

தெரியாத இடத்தில் வண்டியை விட்டு இறங்கி, சக்கரம் போகப்போகும் தடத்தில் நடந்து பாருங்கள். குதிகாலை ஓங்கி ஊன்றினால் லேசான தடம் மட்டும் பதிகிறதா? தரை தாங்கும். கட்டைவிரல் அளவுக்குக் குதிகால் புதைகிறதா? அங்கே வண்டி வேண்டாம். ஏமாற்றும் தரைகள் இரண்டு உண்டு. ஒன்று, மழைக்குப் பிந்தைய புல்வெளி. மாலையில் சுலபமாக உள்ளே போன வண்டி, காலையில் நின்ற இடத்திலேயே சுழலும். மற்றொன்று கழிமுகத்தை ஒட்டிய சேற்றுத்தரை. மேலே காய்ந்து ஓடு கட்டியிருக்கும், அடியில் களி. ஓடு உடைந்தால் வண்டி அச்சுவரை இறங்கிவிடும். மணலில் சிக்கிய வண்டியைத் தோண்டி எடுக்கலாம். களியில் சிக்கினால் பெரும்பாலும் இழுவை வண்டிதான் வர வேண்டும்.

ஆற்று முகத்துவாரம் அழகாகத்தான் இருக்கும், ஆனாலும் தங்க வேண்டாம். மேலே எங்கோ பெய்த மழைக்கு இங்கே வெள்ளம் வரும். மணல்திட்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

இரவு தங்க அனுமதி உண்டா, ஆமை முட்டையிடும் கரையா என்பதைப் புறப்படும் முன்பே விசாரித்துவிடுங்கள். முட்டையிடும் காலத்தில் விளக்கு வெளிச்சமே ஆமைகளையும் குஞ்சுகளையும் திசை மாற்றிவிடும்.

கேள்வி: அலை நனைத்த மணல் சிமென்ட் தரைபோல இறுகியிருக்கிறதே, அதில் வேனை ஓட்டினால் என்ன?

பதில்: ஈர மணலில் துகள்களுக்கு இடையே மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. அது துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிப்பதால்தான் அந்த இறுக்கம். நீர் வற்றிவிட்டால் பிடிப்பு போகும். இடைவெளி முழுவதும் நீர் நிறைந்துவிட்டாலும் போகும். அதனால் இறுகிய மணல் ஒரு பட்டை அளவுக்குத்தான் கிடைக்கும். அதற்கு மேலே உலர்ந்த பொடிமணல், கீழே ஊறிப்போன மணல். அந்தப் பட்டைக்குப் போகவும் திரும்பவும் பொடிமணலைக் கடந்தாக வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான், அதுவும் சுமையோடு மேட்டில் ஏறித் திரும்பும்போது.

முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்கு இதில் கூடுதல் சிக்கல். மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் சாய்வதால் இழுக்கும் சக்கரங்கள் இலேசாகிவிடும். அதனால் நிறுத்துமிடமே சரிவாக இருந்தால், முன்பக்கத்தைக் கடலை நோக்கி வைத்து, பின்னோக்கி ஏறி வெளியே வாருங்கள். பாரம் முன்சக்கரத்தில் விழும், பிடிப்பு கூடும். பின்சக்கரம் இழுக்கும் வண்டியை வெளியேறும் பாதையை நோக்கி நிறுத்தலாம்.

படகு இறக்கும் கான்கிரீட் சரிவில் ஏற்றநீர் தொடும் கோட்டுக்குக் கீழே பாசி படிந்திருக்கும். அங்கே எந்த டயரும் பிடிக்காது.

கேள்வி: டயரில் காற்றைக் குறைத்தால் மணலில் போகலாம் என்கிறார்கள். எவ்வளவு குறைக்க வேண்டும்?

பதில்: காற்றைக் குறைத்தால் டயர் நீளவாக்கில் பரந்து தரையில் படும், அதனால் புதைவது குறையும். வண்டி மாட்டிக்கொண்டால் வெளியே வரும் வழியாக இதை வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போக உரிமமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாலையில் 40 பி.எஸ்.ஐ. வைக்கும் வண்டியானால் 25 வரை இறக்கலாம். 15-க்குக் கீழே போனால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் ஆபத்து உண்டு. காற்று குறைந்த டயரில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், திடீரென்று வளைக்கவும் வேண்டாம். சாலையில் ஏறியதும் பழைய அளவுக்கு நிரப்ப வேண்டும். காற்றளவு மானியும் 12 வோல்ட் பம்பும் கையில் இல்லாமல் காற்றைத் திறக்காதீர்கள்.

சக்கரம் ஒருமுறை சுழன்று இறங்கியதுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது முறை மிதிப்பதுதான் வண்டியின் வயிற்றை மணலில் உட்கார வைக்கிறது. வயிறு உட்கார்ந்துவிட்டால் காற்றைக் குறைத்தும் பயனில்லை. பிள்ளைகளையும் சாமான்களையும் இறக்குங்கள். நான்கு டயர்களுக்கும், போகும் பக்கத்தில், ஒரு கை நீளத்துக்குச் சரிவாக மணலை வாருங்கள். வண்டியின் அடியில் தட்டும் மணலையும் எடுங்கள். சாய்தளப் பலகை இருந்தால் இழுக்கும் சக்கரங்களுக்கு அணைத்து வையுங்கள். சக்கரச் சுழற்சியைத் தடுக்கும் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு மணலில் என்ஜின் விசையை வெட்டிவிடும், அதை அணைத்துவிடுங்கள். வந்த தடத்திலேயே, இரண்டாம் கியரிலோ ரிவர்ஸிலோ மெதுவாக நகர்த்துங்கள். பலகை பின்னால் சீறி வரும், எனவே சக்கரத்துக்கு நேராக ஒருவரும் நிற்கக்கூடாது.

கயிறு கட்டி இழுப்பதானால் வண்டியோடு வந்த இழுவை வளையத்தில் மட்டும் கட்டுங்கள், பம்பரில் கட்டாதீர்கள். கயிறு அறுந்தால் சாட்டைபோல் திரும்பும். கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நில்லுங்கள்.

கேள்வி: கூடாரத்தை நீரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போடலாம்?

பதில்: எத்தனை மீட்டர் என்று பொதுவாகச் சொல்ல முடியாது, கரையின் சரிவுதான் அதைத் தீர்மானிக்கும். 50 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் தட்டையான கரையில், நீர்மட்டம் 1 மீட்டர் கூடினால் கடல் 50 மீட்டர் உள்ளே வந்துவிடும். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். ஆகவே மாலை 3 மணிக்குப் பார்த்த ஏற்றம், பிள்ளைகள் தூங்கும் பின்னிரவு மூன்றரைக்குத் திரும்பி வரும். அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்து, ஏற்றம் உச்சத்துக்குப் போகும். அரைநிலாவை ஒட்டிய நாட்களில் குறைவாக இருக்கும். முதல்முறை போகிறவர்கள் அரைநிலா வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கரையில் பாசி, சருகு, சிப்பி வரிசையாக ஒதுங்கிய கோடுகள் தெரியும். மிக மேலே இருக்கும் பழைய கோட்டைப் பாருங்கள், நேற்றைய ஈரக் கோட்டை நம்பாதீர்கள். அந்தப் பழைய கோட்டுக்கும் மேலே, மணல்மேட்டுக்கு முன்னால் கூடாரம். அடம்பங்கொடி படர்ந்த மணல்மேட்டின் மீது மட்டும் வேண்டாம். மணலைக் கட்டிவைத்திருப்பதே அந்தக் கொடியின் வேர்தான். மிதித்து அழித்தால் மேடு காற்றில் கரையும்.

கேள்வி: மணலில் கூடார முளை நிற்பதில்லை. என்ன செய்வது?

பதில்: சாதாரண முளை நிற்காது. துணிப்பையில் ஐந்து கிலோ மணலைக் கட்டி, கயிற்றோடு 40 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து மேலே மிதித்து இறுக்குங்கள். கயிறு தாழ்வான கோணத்தில் போகட்டும்.

கேள்வி: பிள்ளைகள் குளிக்க எந்தக் கரை நல்லது?

பதில்: பருமணல் என்றால் பொதுவாகக் கரை செங்குத்து. இரண்டு அடி வைத்ததும் ஆழம் வரும், அலையும் கரையிலேயே விழுந்து அறையும். சிறு பிள்ளைகளுக்கு ஆகாது. நுண்மணல் கரைகள் சாய்வு குறைந்தவை, ஆனால் அங்கே இழுப்பு நீரோட்டம் இருக்கலாம். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் மட்டும் உடையாமல் கருத்த நீர் அமைதியாகத் தெரிந்தால் அதுதான் இழுப்பு. அமைதி என்று நம்பிப் பிள்ளைகளை அங்கேதான் இறக்குகிறார்கள், அதுதான் கொடுமை. சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக விலகி நீந்த வேண்டும். உயிர்காப்பாளர் உள்ள கரை கிடைத்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து அதையே எடுங்கள்.

நில அதிர்வு தெரிந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினாலோ, கூடாரத்தை விட்டுவிட்டு உடனே மேட்டுநிலத்துக்கு ஓடுங்கள்.

கேள்வி: காற்று பலமாக இருந்தால் வேனுக்குள் அடுப்பு மூட்டலாமா?

பதில்: கூடாது, கூடாரத்துக்குள்ளும் கூடாது. எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். புகைக்குழாய் மணலில் புதைந்திருக்கும்போது என்ஜினை ஓடவிடுவதும் இதே ஆபத்து. வேனைக் காற்றுக்கு மறைப்பாக நிறுத்தி, அதன் ஓரத்தில் திறந்த வெளியில் சமையுங்கள்.

கேள்வி: திரும்பி வந்ததும் வண்டிக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பகுதியை, முக்கியமாகச் சக்கர வளைவு, பிரேக் பக்கம், சட்டத்தின் மடிப்புகளை, அழுத்தமாகக் கழுவுங்கள். மடிப்புக்குள் தங்கும் உப்பு மணல் ஈரத்தை இழுத்துவைத்து உள்ளிருந்தே துருவேற்றும்.