வெள்ளத் தடுப்பு மண் அணைகள்: கேள்வி பதில்

மண் அணைகளின் ஆய்வு, பராமரிப்பு வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் என்னைப் பதில் சொல்லக் கேட்டிருந்தார்கள். பெரிய நீர்த்தேக்கங்களைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. ஓடையின் குறுக்கே 5 முதல் 15 மீட்டர் உயரத்துக்கு மண்ணால் எழுப்பி, மழைவெள்ளத்தைச் சில நாள் பிடித்து வைத்து, குழாய் வழியே மெல்ல வெளியேவிடும் சிறு அணைகள்தான் விஷயம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் ஊருக்கு மேலே உள்ள அணை வருஷத்தில் பெரும்பாலும் வறண்டுதான் கிடக்கிறது. தண்ணீரே நிற்காத அணைக்கு எதற்கு சார் இவ்வளவு கவலை?

பதில்: தண்ணீர் நிற்காததுதான் என் கவலையே. எப்போதும் நீர் நிற்கும் அணையில் கோளாறு இருந்தால் கசிவாக வெளியே தெரிந்துவிடும். சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். வறண்ட அணையில் கரை காய்ந்து வெடிக்கும், எலி வளை தோண்டும், குழாய் துருப்பிடிக்கும், எதுவும் கண்ணில் படாது. பல வருஷம் கழித்து ஒரே ராத்திரியில் முழுக் கொள்ளளவும் வந்து நிற்கும்போதுதான் அந்தக் கரைக்கு முதல் சோதனை நடக்கிறது.

லிபியாவின் டெர்னா நகருக்கு மேலே 1970களில் கட்டிய இரண்டு அணைகளும் வெள்ளத் தடுப்புக்கானவைதான். 2023 செப்டம்பர் 10ஆம் தேதி இரவு, புயல்மழை வெள்ளத்தில் இரண்டுமே உடைந்தன. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். நாம் பேசும் அணைகளைவிட அவை மிகப் பெரியவை. ஆனால் வறண்ட பள்ளத்தாக்கில் அவையும் பெரும்பாலும் வேலையின்றி நின்றவைதான்.

கேள்வி: கரையின் பின்புறம் அடியில் ஒரு இடம் எப்போதும் ஈரமாக இருக்கிறது. மழைக்காலத்தில் மெல்லிசாகத் தண்ணீர் ஓடுகிறது. பயப்பட வேண்டுமா? களிமண் போட்டு அடைத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து அடைக்காதீர்கள். கசியாத மண் அணை கிடையாது. கசியும் நீர் எந்த வழியாக வருகிறது, எதை எடுத்துக்கொண்டு வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வெளிவரும் நீரை ஒரு தெளிவான கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால், கரைக்குள்ளிருந்து மண் வெளியேறிக்கொண்டிருக்கிறது. இது வெளிவாசலில் தொடங்கும் அரிப்பு. துகள் துகளாக மண் போகப் போக, உள்ளே ஒரு துளை பின்னோக்கி, அணை நீரை நோக்கி வளரும். அது நீரைத் தொட்டுவிட்டால் அப்புறம் மணிக்கணக்குதான்.

அமெரிக்காவில் 93 மீட்டர் உயர டீட்டன் அணை, 1976 ஜூன் 5ஆம் தேதி, முதல்முறையாக நிரம்பிக்கொண்டிருந்தபோதே உடைந்தது. காலையில் கலங்கல் கசிவைப் பார்த்தார்கள். துளையை மூட அனுப்பிய புல்டோசர்களை அந்தத் துளையே விழுங்கியது. நண்பகலுக்குள் அணை போய்விட்டது. அவ்வளவு பெரிய கரைக்கே அவ்வளவு நேரம்தான் இருந்தது.

அடைப்பது ஏன் தவறு? வாசலை மூடினால் உள்ளே நீரழுத்தம் ஏறும். ஈரம் மேலே ஏறிச் சரிவின் மண்ணை இளக்கும், அல்லது நீங்கள் பார்க்காத வேறொரு இடத்தில் நீர் வெளியே வரும். பொறியாளர்கள் செய்வது இதற்கு நேரெதிர். அங்கே சரியான பருமனுள்ள மணலையும் அதன்மேல் சரளையையும் அடுக்காகப் போடுவார்கள். நீர் போகும், மண் போகாது. எந்த மண்ணுக்கு எந்தப் பருமனில் மணல் வேண்டும் என்பதற்கு விதிகள் உண்டு. அவற்றுக்கு அடித்தளம் போட்டவர் மண் பொறியியலின் முன்னோடியான கார்ல் டெர்சாகி. கைக்கு வந்த மணலைக் கொட்டினால் அது வடிகட்டி ஆகாது.

தெளிவான கசிவாக இருந்தாலும் அளவைக் கவனியுங்கள். அணையில் அதே நீர்மட்டம் இருக்கும்போது போன வருஷத்தைவிட அதிகமாக வந்தால் ஆளைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

கேள்வி: கரையில் மரம் நட்டால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் இல்லையா?

பதில்: ஆற்றங்கரையில் சரி. அணைக்கரையில் கூடாது. மரம் பட்டுப்போனால் வேர் மட்கி, அது இருந்த இடம் நீருக்கு வழியாகிவிடும். புயலில் மரம் சாய்ந்தால் கரையில் ஒரு பெரிய குழியையே பெயர்த்துக்கொண்டு விழும். புதர் மண்டிய கரையில் கசிவோ விரிசலோ கண்ணுக்கும் தெரியாது. குட்டையாக வெட்டிவிடும் புல்தான் மண் அணைக்கு உகந்தது.

ஏற்கெனவே பெரிய மரங்கள் இருந்தால் உடனே கோடரியோடு போகாதீர்கள். வெட்டிவிட்டு வேரை அப்படியே விட்டாலும் அது மட்கத்தானே செய்யும்? வேரைத் தோண்டி, குழியை நல்ல மண்ணால் அடுக்கடுக்காக இறுக்கி நிரப்ப வேண்டும். பொறியாளர் இல்லாமல் செய்யும் வேலை இல்லை அது.

கேள்வி: கரைமேல் விரிசல்கள் தெரிகின்றன. வெயிலில் மண் வெடிப்பது இயல்புதானே?

பதில்: களிமண் காய்ந்து வலை மாதிரி வெடிக்கும் மெல்லிய விரிசல்கள் பெரும்பாலும் மேலோட்டமானவை. ஆனாலும் ஆழத்தைச் சோதிப்பது நல்லது. கரையின் நீளவாட்டில் ஓடும் விரிசல், அதிலும் ஒரு பக்கம் சற்று கீழே இறங்கியிருந்தால், சரிவு நழுவத் தொடங்கியிருக்கலாம். கரையின் குறுக்கே, நீர்ப்புறத்திலிருந்து பின்புறம் வரை ஓடும் விரிசலைத்தான் நான் எல்லாவற்றையும்விடக் கடுமையாக எடுத்துக்கொள்வேன். நீர் அந்த மட்டத்துக்கு ஏறினால் நேர்வழி தயாராக இருக்கிறது.

கேள்வி: மிகுநீர் வெளியேறும் வழிந்தோடியில் பலகை வைத்து ஒரு மீட்டர் தண்ணீர் கூடுதலாகத் தேக்க ஊரில் யோசிக்கிறார்கள். கோடைக்கு உதவும் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: வேண்டவே வேண்டாம். தண்ணீர்த் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் காலி இடம்தான் அணையின் வேலையே. வெள்ளம் வந்து உட்கார வேண்டிய இடம் அது. அதை முன்பே நிரப்பிவிட்டால், வருகிற வெள்ளம் கரைமேல் ஏறும். கான்கிரீட் அணை வழிந்தால் சில சமயம் தாங்கிவிடும். மண் அணை பின்சரிவிலிருந்து அரிபட்டு அறுந்துபோகும். உலகில் மண் அணைகள் உடைந்ததற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று கரை மேவிய வெள்ளம்.

பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையை அதன் உரிமையாளர்கள் பொழுதுபோக்கு ஏரிக்காக மாற்றினார்கள். வண்டி போவதற்காகக் கரையைத் தணித்தார்கள். மீன் தப்பாமலிருக்க வழிந்தோடியில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். நீரை இறக்கும் அடிக்குழாய்கள் முன்பே எடுக்கப்பட்டிருந்தன, திரும்ப வைக்கவில்லை. 1889 மே 31ஆம் தேதி பெருமழையில் தடுப்பில் குப்பை அடைத்தது, நீர் கரைமேல் ஏறியது, அணை உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுனிலும் சுற்றுப்புறத்திலும் 2,209 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாகப் பார்க்கும்போது சின்னதாகத்தான் தெரிந்திருக்கும்.

வழிந்தோடியில் வேலி, சேமித்த விறகு, பயிர், கொட்டகை எதுவும் கூடாது. குழாய் முகப்பின் குப்பைத் தடுப்பையும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: நூறாண்டு வெள்ளத்துக்கு வடிவமைத்தது என்று பலகையில் இருக்கிறது. அணை கட்டி 30 வருஷம்தான் ஆகிறது. இன்னும் 70 வருஷம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: முடியாது. எந்த ஒரு ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வர 100க்கு 1 வாய்ப்பு, அவ்வளவுதான் அதன் பொருள். அடுத்த வருஷமும் வரலாம், அதற்கடுத்த வருஷம் மறுபடியும் வரலாம். 50 ஆண்டு காலத்தில் ஒருமுறையாவது வருவதற்கு ஏறத்தாழ 40 சதவீத வாய்ப்பு உண்டு. கீழே குடியிருப்பு இருந்தால் நூறாண்டு வெள்ளத்துக்கு மட்டும் வழிந்தோடி அமைப்பது போதவே போதாது.

கேள்வி: எங்கள் அணை 8 மீட்டர்தான். நல்ல நிலையில்தான் இருக்கிறது. ஆனால் 'அதிக ஆபத்து' வகையில் சேர்த்திருக்கிறார்களே, ஏன்?

பதில்: அந்த வகைப்பாடு கரையின் நிலையைச் சொல்வதில்லை. உடைந்தால் கீழே உயிர் போகுமா என்பதை மட்டும் சொல்கிறது. வயல் மட்டும் இருந்தபோது கட்டிய அணைக்குக் கீழே பிறகு வீடுகள் வந்தால், கரையில் ஒரு மாற்றமும் இல்லாமலே வகை மாறிவிடும். உயரம் குறைவு என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். ஜார்ஜியா மாநிலத்தில் கெல்லி பார்ன்ஸ் அணை ஏறக்குறைய 12 மீட்டர்தான். 1977 நவம்பர் 6ஆம் தேதி அதிகாலை உடைந்து, கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேரைக் கொன்றது.

கேள்வி: அணை வழியாகப் போகும் குழாயை மாற்றச் சொல்கிறார்கள். உள்ளே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: வெளிப்புறத்தைப் பார்த்தீர்களா? குழாயை ஒட்டியுள்ள மண்ணைச் சரியாக இறுக்குவது கடினம், நீர் அந்த ஓரத்தைத் தேடிப் போகும். இணைப்புகளில் விடும் நீரும் சுற்றியுள்ள மண்ணைக் கரைக்கும். 1982ல் கொலராடோவின் லான் லேக் அணை அப்படித்தான் உடைந்தது. குழாய்க்கும் வால்வுக்கும் இடையிலிருந்த இணைப்பின் கசிவு, உயரம் 8 மீட்டர் அளவே இருந்த கரையை உள்ளிருந்து தின்றது. மூன்று பேர் இறந்தார்கள். நெளிவுத் தகடு உலோகக் குழாயாக இருந்தால் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள்.

கேள்வி: ராத்திரி மழை, நீர் ஏறுகிறது, கரையடியில் மணல் கொப்பளிக்கிறது. முதலில் என்ன செய்வது?

பதில்: முதலில் போன். அணைக்குப் பொறுப்பானவர்களுக்கும், கீழே இருப்பவர்களை வெளியேற்றக்கூடியவர்களுக்கும். நிச்சயமாகத் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தப்பாகப் போன எச்சரிக்கைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், பாதுகாப்பாக நெருங்க முடிந்தால் மட்டும், பயிற்சி உள்ளவர்கள் ஊற்றைச் சுற்றி மண்மூட்டைகளை வட்டமாக அடுக்குவார்கள். ஊற்றை மூடுவது நோக்கம் அல்ல. வட்டத்துக்குள் நீர் உயர்ந்து, அதன் எடை எதிரழுத்தம் கொடுத்து, மண் வருவது நிற்கும் வரை அடுக்கிவிட்டு, தெளிந்த நீரை ஓட விட வேண்டும். அணை நீரில் சுழி தெரிந்தால் மூட்டைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் மேட்டுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: நான் பொறியாளர் இல்லை, கீழே குடியிருப்பவள். என்னால் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறைய முடியும் அம்மா. ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வருவார், நீங்கள் தினமும் அங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குக் கரைக்குப் போக அனுமதி இருந்தால் ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் நடந்து பாருங்கள். ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் படம் எடுங்கள். எலி வளை, புதுப் பள்ளம், காய்ந்த கரையில் ஒரு இடம் மட்டும் பச்சையாக இருக்கும் புல், இவையெல்லாம் எழுதி வைக்க வேண்டியவை. தேதியோடு அன்றைய நீர்மட்டத்தையும் கட்டாயம் குறியுங்கள். அது இல்லாமல் கசிவு கூடியதா குறைந்ததா என்று பொறியாளரால் சொல்ல முடியாது. அவசரத் திட்டம் இருக்கிறதா, அதில் உங்கள் தெரு இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் மறுபடி கேளுங்கள்.