பெரிய மீனைப் பிடித்துவிட்டு விடப்போகிறீர்களா? எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்

கேள்வி: நண்பர்களோடு அந்தமானுக்கு ஜிடி (ஜயன்ட் ட்ரெவாலி என்ற பெரிய பாறை மீன்) பிடிக்கப் போகிறேன். பிடிக்கிற மீனை எல்லாம் திரும்பக் கடலில் விட்டுவிடுவதாகத்தான் ஏற்பாடு. தராசு பொருத்திய லிப் க்ரிப்பர் (மீனின் தாடையைக் கவ்விப் பிடிக்கும் கருவி) ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். 25 கிலோ வரை தூக்குமாம், மீனுக்குக் காயமே வராதாம். வாங்கலாமா? (சென்னை வாசகர்)

பதில்: வேண்டாம். தராசோடு விற்கிறார்கள் என்றாலே, மீனைத் தாடையில் கவ்வித் தொங்கவிட்டு எடை பார்க்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் செய்யவே கூடாத காரியம் அதுதான்.

தண்ணீருக்குள் இருக்கும்வரை மீனின் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. 20 கிலோ பாறை மீனைத் தாடையைப் பிடித்துத் தூக்கினால், அந்த 20 கிலோவும் தாடை மூட்டிலும் செவுளுக்குக் கீழே இருக்கும் மெல்லிய சதையிலும் முதுகெலும்பிலும் இறங்குகிறது. உள்ளுறுப்புகளும் வால் பக்கமாகச் சரிகின்றன. திரும்ப விட்டதும் மீன் நீந்திப் போய்விடும், நாமும் நிம்மதியாகிவிடுவோம். ஆனால் தாடை பிசகிய மீனால் இரையைச் சரியாகப் பிடிக்க முடியாது. அது பட்டினி கிடப்பதைப் பார்க்க நாம் அங்கே இருக்கமாட்டோம்.

போன்ஃபிஷ் என்ற மீனை வைத்து இந்தக் கருவியைச் சோதித்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. தண்ணீருக்குள்ளேயே கவ்விப் பிடித்த மீன்களில் 80 சதவீதத்துக்கு வாயில் காயம். வெளியே தூக்கிப் பிடித்தவற்றில் ஒன்றுகூடக் காயமில்லாமல் தப்பவில்லை. பாறை மீனின் தாடை போன்ஃபிஷைவிட உறுதியானது, உண்மைதான். ஆனால் எடையும் பல மடங்கு. ‘காயமே வராது’ என்ற விளம்பரத்தை நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

எடை தெரிந்தே ஆகவேண்டும் என்றால் தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை நீளம், உடல் மிகத் தடித்திருக்கும் இடத்தில் சுற்றளவு, இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 29,000-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் வந்துவிடும். நீளம் 100, சுற்றளவு 70 என்றால் கிட்டத்தட்ட 17 கிலோ. கிராம் சுத்தமாக வராது. வீட்டில் சொல்லிக்கொள்ள இது போதாதா? தராசில்தான் பார்ப்பேன் என்றால், மீனைப் படுக்கவைத்துத் தூக்கும் எடைத்தொட்டில் வாங்குங்கள். மீனை வைக்கும் முன் அதைக் கடல் தண்ணீரில் நன்றாக நனைத்துவிட வேண்டும்.

க்ரிப்பருக்கு வைத்திருந்த பணத்தில் நீளமான மூக்குள்ள, துருப்பிடிக்காத குறடு ஒன்றும், ஒரு ஜோடி கையுறையும் வாங்கலாம். பாறை மீனின் வால் ஒடுங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கெட்டியான கூர்செதில்கள் வரிசையாக இருக்கும். வெறுங்கையால் பிடித்தால் கையைக் கிழித்துவிடும், நனைத்த கையுறையோடு பிடித்தால் அதைவிட வசதியான பிடி வேறு இல்லை. ஒரு கை அங்கே, இன்னொரு கை நெஞ்சுச் செட்டைகளுக்குக் கீழே, மீன் எப்போதும் கிடைமட்டமாக. செவுளுக்குள் விரல் போகவே கூடாது. அந்தச் சிவப்பு இழைகள்தான் அதற்கு மூச்சு.

கேள்வி: போட்டோ, வீடியோ எடுக்க ஆக்‌ஷன் கேமரா வாங்கலாமா, ஃபோனே போதுமா? (கோவை வாசகர்)

பதில்: எது வேண்டுமானாலும் வாங்குங்கள், மீனைத் தூக்கும் முன்பே அது தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே கணக்கு நொடியில். 1992-இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்றில் ரெயின்போ டிரவுட் மீன்களைக் களைக்கக் களைக்க விரட்டி, பிறகு சிலவற்றைத் தண்ணீருக்கு வெளியே வைத்துப் பார்த்தார்கள். வெளியே எடுக்காதவற்றில் 12 சதவீதம் செத்தன. 30 நொடி வெளியே இருந்தவற்றில் 38 சதவீதம். ஒரு நிமிடம் இருந்தவற்றில் 72 சதவீதம். டிரவுட் வேறு, பாறை வேறு. ஆனாலும் களைத்துப் போன மீனுக்கு ஒவ்வொரு நொடியும் எவ்வளவு கனம் என்பது இதில் தெரிகிறது.

தூக்குவதற்கு முன் நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும் முன் மீன் தண்ணீருக்குள் போய்விட வேண்டும். படகுத் தளத்தில் கிடத்தித்தான் தூண்டில் முள்ளை எடுக்க முடியும் என்றால், வெயிலில் காய்ந்த பலகையில் போடாதீர்கள். தளத்தை நனைத்து, ஈரமான மெத்தை விரித்து, ஹோஸ் குழாயில் கடல் தண்ணீரை அதன் வாய்க்குள் ஓடவிடச் சொல்லுங்கள். நல்ல படகில் இதை நீங்கள் கேட்காமலே செய்வார்கள்.

கேள்வி: வலையில் விலை வித்தியாசம் ரொம்ப இருக்கிறது. சாதா நைலான் வலை போதாதா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: சமைக்கப்போகும் மீனுக்குப் போதும். விடப்போகும் மீனுக்குப் போதாது. முடிச்சுப் போட்ட நைலான் வலையில் மீன் துள்ளும்போது செட்டை கிழிகிறது, செதில் உதிர்கிறது, மேலே இருக்கும் வழவழப்பும் வழிந்துபோகிறது. நோய்க்கிருமி ஒட்டாமல் காப்பதே அந்த வழவழப்புதான். ரப்பர் வலை, இல்லாவிட்டால் ரப்பர் பூசிய முடிச்சில்லா வலை வாங்குங்கள். வாய் அகலமாக, மீனின் முழு நீளமும் மடங்காமல் கிடக்கும் அளவில் இருக்கட்டும். கைப்பிடியின் தரத்தைக் கடையிலேயே பாருங்கள். மலிவான வலைகள் கைப்பிடியும் வளையமும் சேரும் இடத்தில்தான் மடங்கும், அதுவும் மீன் உள்ளே இருக்கும்போது.

கேள்வி: பாப்பரோடு (தண்ணீர் மேல் துள்ளும் செயற்கை இரை) வரும் ட்ரிபிள் ஹூக்கை (மூன்று முனைத் தூண்டில் முள்) மாற்ற வேண்டும் என்கிறார் நண்பர். தனியாக முள் வாங்குவது வீண்செலவு இல்லையா? லேசான ராடில் பிடித்தால்தான் த்ரில் என்றும் சொல்கிறார்கள். (மதுரை வாசகர்)

பதில்: நண்பர் சொல்வது சரி. ட்ரிபிளில் ஒரு முனை வாயில் மாட்டினால், இன்னொன்று கண்ணிலோ செவுளிலோ, குறடு பிடித்திருக்கும் உங்கள் உள்ளங்கையிலோ மாட்டும். தடித்த ஒற்றை முள்ளாக மாற்றிவிட்டு, நுனிக்குக் கீழே பின்நோக்கி நிற்கும் கொக்கிச் செதிலைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். அதற்குக் காசு செலவே கிடையாது. இழுவை தளராமல் ரீலைச் சுற்றினால் மீன் நழுவாது. விடும்போது குறட்டால் முள்ளைப் பிடித்து வந்த வழியே திருப்பினால் ஒரே அசைவில் கழன்றுவிடும். உயிர் இரை போட்டால் வட்ட முள், அதாவது சர்க்கிள் ஹூக். கடித்ததும் வெடுக்கென்று இழுக்காமல் நிதானமாகச் சுற்றினால் பெரும்பாலும் தாடை ஓரத்தில்தான் மாட்டும். அதையும் மீறித் தொண்டைக்குள் இறங்கிவிட்டால் நோண்டாதீர்கள், முள்ளுக்குப் பக்கத்தில் தூண்டில் நரம்பை வெட்டிவிடுங்கள்.

லேசான ராடு யோசனையை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போராட்டம் நீள நீள மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. விட்ட பிறகு நீந்தவே தெம்பில்லாமல் சுறாவுக்கு இரையாகிறது. உங்கள் த்ரில்லுக்கு விலை கொடுப்பது அது. கனமான ராடு, கனமான பிரெய்டு (பின்னிய தூண்டில் நூல்), கனமான லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பு) வாங்கிச் சீக்கிரம் முடியுங்கள். பெரிய முதலீடு செய்ய வேண்டிய ஒரே இடம் இதுதான்.

கேள்வி: படகுக்காரர் முழுத் தொகையும் முன்பணமாகக் கேட்கிறார். ‘பிடித்துவிடும் முறை மட்டும்’ என்று விளம்பரம். எதைப் பார்த்து நம்புவது? (திருச்சி வாசகர்)

பதில்: அவர்களுடைய பழைய படங்களைப் பாருங்கள், எல்லாம் அதில் தெரிந்துவிடும். மீன் செங்குத்தாகத் தொங்குகிறதா, செவுளுக்குள் கை இருக்கிறதா, உடம்பில் கொக்கி குத்திய ரத்தம் இருக்கிறதா? இருந்தால் வேறு படகு பாருங்கள். ஆட்கள் கிடைமட்டமாக ஏந்தியோ மடியில் வைத்தோ, உடைகூட நனைந்திருக்கும் படங்கள் நிறைய இருந்தால் பேச ஆரம்பிக்கலாம்.

பிறகு கேளுங்கள்: ரப்பர் வலை படகில் உண்டா, ஒற்றை முள்தானா, தளத்தில் ஹோஸ் உண்டா? களவா மீன் மாட்டினால் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள், அனுபவம் எவ்வளவு என்பது அந்தப் பதிலில் தெரியும். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும் களவாவுக்குக் காற்றுப்பை உப்பி, கண் பிதுங்கி, வயிறு வாய்வழியே வெளியே தள்ளும். சிலர் அதை ஊசியால் குத்துகிறார்கள், கூடவே கூடாது. எடைக்குண்டு கட்டிய இறக்குக் கருவியால் ஆழத்துக்கே கொண்டுபோய் விட வேண்டும். அந்தக் கருவி இல்லாத படகில் ஆழத்து ஜிக்கிங் (கனமான உலோக இரையை ஆழத்தில் இறக்கி ஆட்டிப் பிடிப்பது) வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வண்டூர் பக்கம் இருக்கும் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் மீன் பிடிக்கக் கூடாது. ‘அங்கேயும் கூட்டிப் போகிறோம்’ என்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

முழுத் தொகையை முன்பே கட்ட வேண்டாம். காற்றும் அலையும் மிகுந்து படகு கிளம்பாவிட்டால் பணம் திரும்புமா, தேதி மட்டும் மாறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியானாலும் சரி. சொன்ன சேவை கிடைக்காவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அதற்காகப் போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது.