ஏழு அடுக்கா, நான்கு அடுக்கா?

கேள்வி: கல்லூரியில் வலையமைப்புக்கு ஏழு அடுக்குகள் என்று படித்தேன், இப்போது சேர்ந்திருக்கும் பயிற்சி வகுப்பில் நான்கு என்கிறார்கள். எது சரி? அடுக்குகள்தாம் எதற்கு?
- கணினி அறிவியல் மாணவி, விருதுநகர்

பதில்: தரவை அனுப்பும் வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்ததே அடுக்குகள். ஏழு, நான்கு இரண்டும் சரியே, ஆனால் இரண்டும் பிறந்த விதம் வேறு. ஏழு அடுக்குகள் கொண்ட ஓஎஸ்ஐ மாதிரியைச் சர்வதேசத் தர அமைப்பு 1984இல் வெளியிட்டது. அதற்கு முன்பே, 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையமைப்பு, கணினிகள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் விதிகளான டிசிபி/ஐபி நெறிமுறைகளுக்கு மாறியிருந்தது. அவ்வாறு ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்ததைத்தான் 1989இல் வெளிவந்த ஆவணம் ஒன்று இணைப்பு, இணையம், போக்குவரத்து, பயன்பாடு என்று நான்காக வகுத்தது. ஓஎஸ்ஐ தனித்தனியே வைத்த அமர்வு, வழங்கல் ஆகிய அடுக்குகளின் வேலை இங்கே பயன்பாட்டு அடுக்கிலேயே அடங்கிவிடுகிறது.

எண்ணிக்கையைவிட, ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின் உள்விவரத்தில் தலையிடுவதில்லை என்பதை நீங்கள் உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பேன். கம்பி வழி வலையமைப்பான ஈதர்நெட்டில் தரவைச் சுமக்கும் உறை, அதாவது சட்டகம் ஒன்றில் வழக்கமாக 1500 பைட் வரை ஏற்றலாம். அதில் ஐபி, முகவரி போன்ற குறிப்புகள் கொண்ட தன் தலைப்புக்குக் குறைந்தது 20 பைட்டும், டிசிபி தன் தலைப்புக்குக் குறைந்தது 20 பைட்டும் எடுத்துக்கொள்ள, உங்கள் தரவுக்கு எஞ்சுவது 1460 பைட். வழியில் உள்ள ரவுட்டர் ஈதர்நெட் உறையைக் கழற்றி, ஐபி முகவரியைப் பார்த்து, அடுத்த இணைப்புக்குரிய புதிய உறையை இட்டு அனுப்புகிறது. ஆகவே அந்த உறையில் உள்ள மேக் முகவரி (வலையமைப்புக் கருவியின் அடையாள எண்) ஒவ்வொரு தாவலிலும், அதாவது ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போதும், மாறுகிறது. ஐபி முகவரியோ, வீட்டு ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம் போன்றவை நீங்கலாக, கடைசி வரை மாறுவதில்லை. வீட்டில் வைஃபைக்குப் பதில் கம்பியைச் செருகினாலும் பிரவுசரில் ஒரு வரிகூடத் திருத்த வேண்டியிராததற்கு இதுவே காரணம்.

கேள்வி: டிசிபி நம்பகமானது என்றால் யுடிபி எதற்கு?
- அதே மாணவி

பதில்: இது நல்ல கேள்வி, அடுக்குகளின் அருமை இதில்தான் விளங்கும். டிசிபியை வடிவமைத்த விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974இல் முன்வைத்த வடிவத்தில், முகவரி பார்த்து அனுப்புவதையும், தொலைந்ததை மீண்டும் அனுப்புவதையும் ஒரே நெறிமுறை செய்தது. கோப்புக்கு அது பொருந்தியது. வலையமைப்பு வழியே குரலை அனுப்பிப் பார்த்தவர்களுக்கோ அது இடையூறாக இருந்தது. ஏனெனில் பேச்சில் தொலைந்த ஓர் அசை தாமதமாக வந்து சேர்ந்தால் கேட்பவருக்கு அதனால் பயன் ஏதுமில்லை. அதனால் 1978இல் அதை, முகவரி பார்த்து அனுப்ப ஐபி, தொலைந்ததை மீண்டும் அனுப்ப டிசிபி என்று இரண்டாகப் பிரித்தார்கள். மறு அனுப்புதல் வேண்டாதவர்களுக்காக 1980இல் ஜான் பாஸ்டல் எழுதிய யுடிபியின் தலைப்பு வெறும் 8 பைட்; அதன் வரையறை மூன்றே பக்கங்கள்.

வலைப்பக்கங்களைக் கொண்டுவர இன்று இணையதளங்கள் பல பயன்படுத்தும் எச்டிடிபி/3 நெறிமுறை கூட யுடிபியின் மேல்தான் அமர்ந்திருக்கிறது. தொலைந்ததை மீண்டும் அனுப்பும் பொறுப்பை அதன் அடியிலுள்ள குவிக் என்ற நெறிமுறை ஏற்றுக்கொள்கிறது. வழியிலுள்ள ரவுட்டர்களுக்கு அது எப்போதும்போல் ஓர் ஐபி பொட்டலம்தான்.