பூனைக்குட்டி ஓயாமல் உடம்பை நக்குவது ஏன்?

"ஒன்றரை மாதக் குட்டி, பகல் முழுக்க வயிற்றையும் வாலடியையும் நக்குகிறது. சுத்தம் பார்க்கிறதா, ஏதும் வருத்தமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தெள்ளு இருக்கிறதா என்று பாருங்கள்.

கோண்டாவிலில் எங்கள் விறகுக் கொட்டிலுக்குள் தாய் விட்டுப்போன குட்டி ஒன்றை எடுத்து வளர்த்தோம். அதுவும் இப்படித்தான். "பூனை எண்டால் நக்கத்தானே செய்யும், விடு பிள்ளை" என்றார் அம்மம்மா. அவர் சொன்னதும் சரிதான். குட்டிகள் 4 கிழமை வயதிலேயே தம்மை நக்கத் தொடங்கிவிடும். ஆனால் எங்கள் குட்டி விளையாடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று திரும்பி வாலடியைக் கடித்தது, நித்திரையிலிருந்து எழும்பி எழும்பி நக்கியது. வயிற்றில் மயிர் போய்த் தோல் தெரிந்தபிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

பேன் சீப்பால் வாலடியை வாரி, விழுந்த கறுப்புத் தூளை ஈர வெள்ளைத் துணியில் போட்டேன். செம்பழுப்பாக ஊறியது. மண் அப்படி ஊறாது. அது தெள்ளின் எச்சம், குட்டியின் இரத்தம்தான்.

அடுத்த நாளே நாய்க்குப் போடும் தெள்ளு மருந்தை வாங்கிவந்துவிட்டேன். நல்லகாலம், போடமுன் மிருக வைத்தியரிடம் கேட்டேன். அதிலிருந்த பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. வலிப்பு வந்து செத்தும் போகலாம். டெற்றோல் கலந்து குளிப்பாட்டுவதும் அப்படியே: அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு, மேலில் பூசியதை அது நக்கி விழுங்கியும் விடும். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். இந்த வயதில் இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டி, உடனே துடைத்து, நாளும் சீப்பால் வாருங்கள். பிடிபட்ட தெள்ளைச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். மருந்து தேவையென்றால் நிறையும் வயதும் பார்த்து வைத்தியர் தரட்டும்.

குட்டி படுக்கும் சாக்கை மறக்கவேண்டாம். தெள்ளின் முட்டை அங்கேதான் உதிர்ந்து கிடக்கும். நாங்கள் சாக்கை எரித்துவிட்டு, பழைய சாரம் விரித்து, கிழமைக்கு இரண்டுதரம் சுடுநீரில் தோய்த்தோம்.

தெள்ளே இல்லை, வட்டமாக மயிர் கொட்டிச் செதில் தெரிகிறது என்றால் படர்தாமரையாக இருக்கலாம், பிள்ளைகளுக்கும் தொற்றும். பல் முரசு வெளிறியிருந்தாலோ, மூத்திரம் போக முக்கிக்கொண்டு அந்த இடத்தையே நக்கினாலோ, அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.