சுவரை எடுத்தபின் வகுப்பறையில் இரைச்சல்

இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவே எடுத்த சுவரைத் திரும்பக் கட்டாதீர்கள். முதலில் மேற்கூரையின் அடியில் ஒலியுறிஞ்சும் பலகை பொருத்துங்கள். குழுவேலைக்காக இரண்டு வகுப்பறைகளை ஒன்றாக்கியதும் ஆசிரியர் குரல் தெளிவாகக் கேட்கவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் எதிரொலிதான் காரணம். கான்கிரீட், டைல்ஸ், கண்ணாடி எதுவும் ஒலியைப் பெரிதாக விழுங்காது.

பிள்ளைகள் இல்லாதபோது நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். சத்தம் உடனே அடங்காமல் இழுத்தால் அதேதான். தரைவிரிப்பை மட்டும் நம்பாதீர்கள், முக்கியமாக நாற்காலி இழுபடும் சத்தம்தான் அதில் குறையும்.

ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு ஆசிரியர்கள் வெவ்வேறு பாடம் நடத்தினால் பலகை மட்டும் போதாது. 1970களின் தடுப்புச் சுவரில்லாத திறந்த வகுப்பறைகள் பலவற்றில் மறுபடி தடுப்பு எழுந்ததற்கு இரைச்சலும் ஒரு காரணம். அப்படியானால் மடக்குத் தடுப்பு போடுங்கள், அடியில் இடைவெளி விடாமல்.