கூப்பர் ஜோடியின் வடிவம்: கேள்வி பதில்

கேள்வி: ஜோடிக்கு என்ன சமச்சீர்?

பதில்: மீகடத்தியில், அதாவது மின்தடையே இல்லாமல் போகும் பொருளில், எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்வதுதான் கூப்பர் ஜோடி. அதன் அலைக்கு, எலக்ட்ரான் ஓடும் திசையைப் பொறுத்து அளவும் உண்டு, குறியும் உண்டு. ஈயத்தில் எந்தத் திசையிலும் ஒரே குறி; அது எஸ்-அலை. தாமிர ஆக்சைடுகளில் நாலு இதழ் பூ மாதிரி ப்ளஸ், மைனஸ் மாறி மாறி வரும், இதழ்களுக்கு இடையே பூஜ்யம். அது டி-அலை.

கேள்வி: மின்தடையை அளந்து இதைச் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது. எல்லா மீகடத்தியிலும் அது பூஜ்யம்தான்.

கேள்வி: ஒளி உமிழ்வு அளவீட்டில் (ஒளியால் எலக்ட்ரான்களை வெளியேற்றி அளப்பது) ஆற்றல் இடைவெளி (ஜோடியை உடைக்கத் தேவையான ஆற்றல்) சில திசைகளில் பூஜ்யமாகிறதே, போதாதா?

பதில்: போதாது. அங்கே தெரிவது அளவு மட்டும். குறி மாறாமலே ஒரு திசையில் மிகவும் மெலிந்துபோன எஸ்-அலையும் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும். குறியைப் பிடிக்கக் குறுக்கீட்டு விளைவு வேண்டும். 1993இல் இல்லினாயில் வான் ஹார்லிங்கன் குழு, இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு படிகத்தின் அடுத்தடுத்த இரு முகங்களை ஈயத்தால் இணைத்து ஸ்க்விட் (மிக நுண்ணிய காந்தப் பாயத்தையும் உணரும் மீகடத்தி வளையம்) செய்தது. முகங்களுக்கிடையே அலையில் 180 பாகை வித்தியாசம் தெரிந்தது, அதாவது குறி மாறியிருந்தது. மறு வருடம் ஐபிஎம்மில் ட்சுவேயும் கிர்ட்லியும் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. திசை மாறிய மூன்று படிகத் துண்டுகள் கூடும் புள்ளியைச் சுற்றி ஒரு வளையம். வெளிக்காந்தப் புலம் இல்லாமலே அதில் அரைப் பாய குவாண்டம் (காந்தப் பாயத்தின் அடிப்படை அலகில் பாதி; வளையத்தைச் சுற்றி வரும்போது குறி மாறுவதன் அடையாளம்) தானாக வந்து உட்கார்ந்தது. அதே சில்லில் இருந்த மற்ற வளையங்களில் ஒன்றும் இல்லை. கருவிக் கோளாறு என்று யாரும் வாய் திறக்க முடியவில்லை.

கேள்வி: அறை வெப்பநிலை மீகடத்தி எப்போது வரும்?

பதில்: இன்று மூன்றாவது முறை. இந்தப் பகுதிக்கான கேள்வி இல்லை.

கேள்வி: ஸ்ட்ரான்சியம் ருதினேட் பி-அலைதானே?

பதில்: பழைய பாடம். 1.5 கெல்வினில் மீகடத்தியாகும் பொருள், 1994இல் கண்டது. 1998இல் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) அளவீட்டில் நைட் பெயர்ச்சி, அதாவது எலக்ட்ரான் சுழற்சிகளால் அணுக்கருவின் அதிர்வெண் நகரும் அளவு, குளிர்ந்த பிறகும் குறையவில்லை; ஆகவே ஜோடியின் இரு சுழற்சிகளும் ஒரே பக்கம், அதாவது பி-அலை என்றார்கள். 2019இல் அளக்க அனுப்பும் ரேடியோ துடிப்பின் ஆற்றலைக் குறைத்துப் பார்த்தால் பெயர்ச்சி குறைகிறது, அதாவது சுழற்சிகள் எதிரெதிர்! முன்பு துடிப்பே படிகத்தைச் சுட வைத்திருக்கிறது. எப்போதும் சொல்வதுதான்: வெப்பமானி தன் வெப்பநிலையைத்தான் சொல்லும், படிகத்தினுடையதை அல்ல.

கேள்வி: அப்படியானால் 1998இல் செய்தவர்களைத் தூக்கி எறிந்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அவர்களில் சிலர் இருந்த கியோட்டோ குழுவே 2020இல் திரும்ப அளந்து, குறைகிறது என்று எழுதியது.

கேள்வி: (பி-அலை கேட்டவரே) விடமாட்டேன். 1998 மியூவான் (படிகத்துக்குள் செலுத்தி உள்காந்தப் புலத்தை அளக்கும் துகள்), 2006 கெர் விளைவு (எதிரொளிக்கும் ஒளியின் முனைவுத் திசை திரும்புவது), இரண்டும் காலத் திருப்பச் சமச்சீர் (காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் மாறாத தன்மை) உடைகிறது என்றனவே? அவையும் சூடுதானா?

பதில்: இல்லை, சரியான அடி. எதிர்ச்சுழற்சி ஜோடியும் இரண்டு பகுதிகள் கலந்த அலையானால் அதை உடைக்கலாம். ஆனால் படிகத்தை ஒரு பக்கமாக அழுத்தினால், மியூவான் இரண்டு மாற்ற வெப்பநிலைகளைக் காட்டுகிறது. வெப்ப ஏற்புத் திறனில் ஒன்றுதான். இரண்டையும் ஒரே அலையில் பொருத்த நானும் முயன்றேன், தோற்றேன்.

கேள்வி: எங்கள் முனைத் தொடுகை அளவீட்டில் (கூர்முனையால் படிகத்தைத் தொட்டு மின்னோட்டம் அளப்பது) பூஜ்ய வோல்டேஜில் மின்கடத்தலில் உச்சம் வருகிறது. டி-அலையா?

பதில்: மறுபடியும் சூடு. தொடுகையைச் சிறிதாக்கியும் உச்சம் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், படிகத்தின் எந்த முகத்தைத் தொட்டீர்கள் என்றே சொல்லவில்லையே?