டிரம்முல புகைக் கறி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய இரும்பு டிரம்ம வச்சு வீட்டுத் தோட்டத்துலயே புகை அடுப்பு செய்யலாம்னு ரெண்டே வரி எழுதியிருந்தோம், அதுக்கு வந்த கேள்வில முக்காவாசி செட்டிநாட்டுப் பக்கம் இருந்துதான். அதனால இந்த வாரம் மத்த கேள்விய எல்லாம் ஒதுக்கி வச்சுட்டு இது மட்டும்.

அண்ணே, சிங்கப்பூர்ல இருக்க மச்சான் பொங்கலுக்கு வர்றார். டிரம்முல புகை போட்டு கறி செய்யுற வீடியோவா அனுப்பிக்கிட்டே இருக்கார். தந்தூரி அடுப்புக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? எந்த டிரம் வாங்குறது?
*வாசகர், தேவகோட்டை*

தந்தூரி அடுப்பு 300 டிகிரிக்கு மேல கொதிக்கும் தம்பி, கோழி கால் மணி நேரத்துல வெந்து மேல கருகலோட வெளிய வந்துரும். இது அதுக்கு நேர் எதிர். 110ல இருந்து 135 டிகிரி செல்சியஸ்தான் சூடு, கறி அதுல மணிக்கணக்கா கிடக்கும், அடியில எரியுற கரியும் நடுவுல சொருகி வச்ச விறகுத் துண்டும் விடுற புகை மெதுவா ஏறும், கறில இருந்து சொட்டுற கொழுப்பு நேரா கரி மேல விழுந்து ஆவியாகி திரும்ப கறி மேலயே படியும். அமெரிக்காவுல இதுக்கு ‘அக்ளி டிரம் ஸ்மோக்கர்’, அதாவது அசிங்கமான டிரம் புகை அடுப்புன்னு பேரு, அழகுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க.

எந்த டிரம்ங்கிறதுதான் இதுல பாதி வேலை. 200 லிட்டர் இரும்பு பேரல், மூடி முழுசா கழண்டு வர்ற மாதிரி, வளையம் போட்டு இறுக்குற டைப்பா பாருங்க. மாம்பழக் கூழ் வந்த டிரம், சமையல் எண்ணெய் வந்த டிரம் இது ரெண்டும் நல்லது, மாம்பழக் கூழ உள்ள பையில போட்டுத்தான் அனுப்புவாங்கங்கிறதால இரும்புல ஒண்ணும் ஒட்டியிருக்காது. காயலான் கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதாண்ணே”ன்னுதான் சொல்வார். ஒண்ணு இல்ல. பூச்சி மருந்து வந்த டிரம், கெமிக்கல் வந்த டிரம், என்ன வந்துச்சுன்னே தெரியாத டிரம், எதையும் சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க, எரிச்சுக் கழுவுனா சரியாகிரும்ங்கிறது பேச்சுக்குத்தான். ரோட்டு ஓரமா கிடக்கிற தார் டிரம்மும் வேண்டாம், தகடு மெலிசு, தார் வாசம் ஜென்மத்துக்கும் போகாது.

இன்னொண்ணு, இது உயிர் சம்பந்தப்பட்டது. பெட்ரோல், தின்னர் மாதிரி வந்த மூடுன டிரம்ம காலியாத்தான இருக்குன்னு கிரைண்டர் வச்சு அறுக்கப் போகாதீங்க. திரவம்தான் காலி, உள்ள ஆவி இருக்கும், கட்டிங் வீல்ல பறக்குற ஒரு பொறி போதும் வெடிக்கிறதுக்கு.

நீலக் கலர் பிளாஸ்டிக் தண்ணி டிரம் ஒண்ணு சும்மா கிடக்கு, உள்ள தகரம் அடிச்சு செய்யலாமா?
*வாசகர், கோட்டையூர்*

வேண்டாம் சார். அதுல தண்ணியே புடிச்சு வைங்க.

டிரம் வாங்கிட்டேன். உள்ளுக்குள்ள செம்மண் கலர்ல பெயிண்ட் மாதிரி பூசியிருக்கு. அப்படியே கரி போட்டுறலாமா?
*வாசகர், கானாடுகாத்தான்*

போட்டுறாதீங்க, அது பெயிண்ட் இல்ல, உள்ள வர்ற சரக்கு இரும்புல படாம இருக்க அடிக்கிற எபாக்சி மாதிரியான பூச்சு. லேசுல போகாது. காத்து ஏற அடிப் பக்கம் போடுற நாலு ஓட்டைய (அளவு அடுத்த பதில்ல இருக்கு) முதல்லயே போட்டு, வீட்டை விட்டு தள்ளி வெட்டவெளில வச்சு, காஞ்ச விறக நெறைய அடுக்கி ரெண்டு மூணு மணி நேரம் தகதகன்னு எரிய விடணும், கரி பத்தாது, நல்லா சுவாலை வரணும். வர்ற புகைய மூக்குல வாங்காம காத்து வர்ற பக்கமா நின்னுக்கங்க. ஆறினதும் கிரைண்டர்ல கம்பி பிரஷ் மாட்டி வெறும் இரும்பு தெரியுற வரைக்கும் தேய்க்கணும், முகத்துக்கு மாஸ்க்கும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாம இந்த வேலைல இறங்காதீங்க. ஒரு தடவைல போகலன்னா மறுபடி எரிங்க. இதுக்கு சோம்பல் படுறவங்க பூச்சு இல்லாத டிரம்மா தேடி வாங்குறது உத்தமம்.

வெளிப்பக்கம் சூடு தாங்குற பெயிண்ட் அடிச்சுக்கலாம், சைலன்சருக்கு அடிக்கிற ரகம் கடைல கிடைக்கும். உள்பக்கம் பெயிண்டே கூடாது, கடலெண்ணெய மெலிசா தடவி கறி இல்லாம ஒரு நாள் முழுக்க புகை போட்டு எடுத்தா தோசைக்கல்லு பழகுற மாதிரி கருப்பா பழகிரும்.

எங்களது வெல்டிங் பட்டறை. ரெண்டு பேர் இந்த டிரம் அடுப்பு கேட்டு வந்துட்டாங்க, ஆளுக்கொரு அளவு சொல்றாங்க. சரியான அளவு என்ன?
*வாசகர், காரைக்குடி*

உங்க கேள்விதாண்ணே எனக்குப் புடிச்சது. டிரம் உயரம் சுமாரா 88 சென்டிமீட்டர், அதாவது 34 இஞ்ச் சொச்சம், உள் விட்டம் 57 சென்டிமீட்டர் வரும். இதுல தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுதான், இந்த அடுப்புல நெருப்ப யாரும் கூட்டிக் குறைக்கிறது கிடையாது, காத்தைத்தான் கூட்டிக் குறைக்கணும். கரி எவ்வளவு கொட்டியிருந்தாலும் உள்ள வர்ற காத்து எவ்வளவோ அவ்வளவுதான் எரியும். அதனால ஓட்டை, மூடி, இணைப்பு இதுலதான் உங்க கைவண்ணம் தெரியணும்.

அடியில இருந்து 2 இஞ்ச் உயரத்துல சுத்தி நாலு பக்கமும் நாலு ஓட்டை, ஒவ்வொண்ணும் 1 இஞ்ச். ஒண்ணுல நிப்பிள் (மரை போட்ட குட்டைக் குழாய்) போட்டு பால் வால்வ் (திருப்பி மூடுற வால்வ்) மாட்டிருங்க, மத்த மூணுக்கும் நிப்பிளும் எண்ட் கேப்பும் போதும், தேவைப்படுறப்ப கழட்டி மாட்டிக்கலாம். நாலுக்கும் வால்வ் போட்டா பில்லுதான் ஏறும். மேல மூடில புகை போக 2 இஞ்ச் ஓட்டை ஒண்ணு, பல டிரம்முல அந்த அளவுக்கு மரை மூடி ஏற்கனவே இருக்கும், அதைக் கழட்டுனாலே வேலை முடிஞ்சுது. கணக்குப் போட்டுப் பாருங்க, 1 இஞ்ச் ஓட்டை நாலோட பரப்பும் 2 இஞ்ச் ஓட்டை ஒண்ணோட பரப்பும் சரிக்குச் சரி. மேல ஓட்டைய சின்னதாக்கிட்டா புகை உள்ளயே தேங்கி கறி கசக்கும், அதனால மேல எப்பவும் தொறந்தே கிடக்கட்டும், அடக்குறதெல்லாம் கீழதான்.

கறி வைக்கிற கம்பித் தட்டு விளிம்புல இருந்து 7 இஞ்ச் கீழ, சுத்தி நாலு போல்ட் அடிச்சு அது மேல உக்கார வைங்க. போல்ட்டு எஸ்.எஸ்.ல (துருப்பிடிக்காத இரும்புல) போடுங்க. கரிக் கூடைக்கு வலை மாதிரி இருக்க எக்ஸ்பாண்டட் மெட்டல் ஷீட்ட வளைச்சு 15 இஞ்ச் விட்டத்துக்கு வெல்டு வச்சு, 3 இஞ்ச் கால் குடுத்து தூக்குங்க. கூடையோட அடிக்கும் கறித் தட்டுக்கும் நடுவுல 24 இஞ்ச் வரணும், இதைக் குறைச்சா அது கிரில் அடுப்பாயிரும், அடிப்பக்கம் கருகி மேல பச்சையா நிக்கும். கூடைக்குக் கீழ சாம்பல் விழ ஒரு தட்டு, தூக்க ஒரு கைப்பிடி.

கூடைக்கும் கறித் தட்டுக்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசுன இரும்பு) சரக்கு போடாதீங்க. அதுல இருக்க துத்தநாகம் 420 டிகிரில உருகும், கரி பக்கத்துல அதையும் தாண்டி சூடு போகும், அந்தப் புகை காய்ச்சல் கொண்டு வரும்னு வெல்டிங் பண்ற உங்களுக்கு நான் சொல்லணுமா. வெளிய நீட்டிக்கிட்டு இருக்க நிப்பிளு ஜி.ஐ.யா இருந்தா பாதகம் இல்ல, அது அந்த அளவுக்கு சூடாகாது. தெர்மாமீட்டர மூடில வைக்காம கறித் தட்டு மட்டத்துல பக்கவாட்டுல ஓட்டை போட்டு மாட்டுங்க, நமக்கு வேணுங்கிறது கறி இருக்க இடத்துச் சூடுதான்.

கரி எது நல்லது? சீமைக்கருவேலம் கரி போடலாமா, வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே? எங்க வீட்டுல பழைய தேக்குக் கட்டையும் நெறைய கிடக்கு.
*வாசகர், புதுவயல்*

ஆகாதுன்னு சொன்னவரு டெக்சாஸ் பக்கம் போனதில்ல போல. அங்க கறிக்குப் புகை போட கொண்டாடுற மெஸ்கீட் இருக்கே, நம்ம சீமைக்கருவேலமும் அதே இனந்தான், ரெண்டையும் தாவரவியல்ல புரோசோபிஸ்ங்கிற ஒரே கூட்டமாச் சொல்லுவாங்க. நாம கம்மாயக் கெடுத்துருச்சுன்னு ஜே.சி.பி. வச்சுப் புடுங்குறோம், அவங்க மூட்டையில கட்டி வித்துக்கிட்டு இருக்காங்க. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டு எடுக்குற கரி இதுதான், தாராளமா வாங்குங்க. தூளு வேண்டாம், கைக்கு அடக்கமான கட்டியா பொறுக்கிப் போடச் சொல்லுங்க, தூளு அடைச்சுக்கிட்டா காத்து ஏறாது. ஆரம்பத்துல கொஞ்சம் பொறி பறக்கும், முகத்தக் கொண்டு போயி குனியாதீங்க. கொட்டாங்கச்சிக் கரியும் நல்லாவே நிக்கும்.

புகைக்கு கொய்யா, மா, புளி இதுல எதாச்சும் நல்லா காஞ்ச கட்டை, உள்ளங்கை அளவுல மூணு நாலு துண்டு போதும். ஊற வைக்கச் சொல்றவங்க பேச்ச விடுங்க, ஈரம் ஆவியா போற வரைக்கும் கட்டை சரியா எரியாது, வெள்ளையா கெட்டிப் புகைதான் வரும், அதுதான் கசப்பு. கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம நீலமா மெலிசா வர்ற புகைதான் வேணும். வேப்பங்கட்டை கசக்கும். அரளி விஷம், அதைத் தொடவே கூடாது, கம்பியா சீவி கறி குத்தக்கூட ஆகாது. தேக்கு கேட்டீங்களே, பர்மா தேக்காவே இருக்கட்டும், அம்பது அறுவது வருசமா வார்னிஷும் பெயிண்டும் குடிச்ச கட்டைய எரிச்சா அதெல்லாம் கறி மேலதான் வந்து உக்காரும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழைய சாமான் கடைல கேட்டுப் பாருங்க, எரிக்கிறத விட நல்ல விலை வரும்.

பத்த வைக்கிறதுலயும் ஒரு பக்குவம் இருக்கு. கூடைய நெருப்பு இல்லாத கரியால நெரப்பி, நடுவுல விறகுத் துண்டச் சொருகி, வேற இடத்துல கனிய வச்ச பத்துப் பதினஞ்சு கட்டி கரிய மட்டும் மேல வைங்க. நெருப்பு மேல இருந்து மெதுவா கீழ எறங்கும். 4, 5 கிலோ கரி இப்படி அடக்கி எரிச்சா மதியச் சாப்பாட்டுக்கு காலைல வச்சது கவலையில்லாம நிக்கும். மொத்தமா பத்த வச்சுட்டா 200 டிகிரிக்குப் போயிரும், அப்புறம் எறக்குறது பெரும்பாடு. ஏத்துறது லேசு, எறக்குறது கஷ்டம், அதனால 100 வரும்போதே காத்தை அடக்க ஆரம்பிச்சுருங்க.

எங்க வீட்டு வளவுல (நடு முற்றத்துல) மேல வானம் தொறந்துதான இருக்கு, அங்கயே வச்சுக்கலாமுல்ல? மழை வந்தா முகப்புத் திண்ணைக்கு நகட்டிக்கலாம்.
*வாசகி, பள்ளத்தூர்*

வேண்டாம் ஆச்சி. வளவுல மேல தொறந்திருந்தாலும் நாலு பக்கமும் பத்தியும் ரூமும் இருக்கே, கரி எரியும்போது வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது வாசமும் கிடையாது, ரூமுல படுத்திருக்கவங்களுக்கு தலைவலி, மயக்கம்னு ஆரம்பிச்சு உயிரு போறது வரைக்கும் கொண்டு போயிரும். திண்ணைக்கு நகட்டுறதுங்கிறது அதைவிட மோசம், எரியுற டிரம்ம நகட்டவே கூடாது. பின்கட்டு தாண்டி தோட்டத்துல, செங்கல்லோ மண்ணோ இருக்க தரைல, கீத்துக் கொட்டகைல இருந்து நல்லா தள்ளி வைங்க. பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரை மேலயும் வேணாம், சூடும் எண்ணெயும் பட்டா அந்தப் பூ வேலை என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

ஆடி மாசம் முழுக்க சூடு நிக்கவே மாட்டேங்குது, 120ல வச்சா தானா 160க்குப் போகுது. டிரம்முல கோளாறா?
*வாசகர், கண்டனூர்*

காத்து அடிக்கிற பக்கம் இருக்க ஓட்டைக்கு மூடி போட்டுருங்க, எதிர்ப் பக்கம் மட்டும் தொறந்து விடுங்க. அப்பவும் ஏறுச்சுன்னா மூடி சரியா உக்காரல, இடுக்குல காத்து போகுது. அப்புறம் அடிக்கடி தொறந்து பாக்குறத நிறுத்துங்க, தொறக்கிற ஒவ்வொரு தடவையும் கரிக்கு ஒரு மூச்சு காத்து கிடைச்சு சூடு தாவும்.

ஆட்டுத் தொடைக்கு நம்ம செட்டிநாட்டு மசாலா அரைச்சுத் தடவி வைக்கலாமா? நாட்டுக்கோழி வேகுமா?
*வாசகி, காரைக்குடி*

தேங்காயும் சின்ன வெங்காயமும் சேத்து அரைச்ச விழுதத் தடவாதீங்கக்கா, அது குழம்புக்கு. மேல கெட்டியா அப்பிக்கிட்டு புகைய உள்ள விடாது, ஓரமும் கருகும். மிளகு, சோம்பு, கல்பாசி, ஒரு அன்னாசிப்பூ, கொஞ்சம் வரமிளகா இதெல்லாம் லேசா வறுத்து கொறகொறன்னு பொடிச்சு, உப்ப மட்டும் முந்துன ராத்திரியே தடவி ஃப்ரிட்ஜுல வச்சு, பொடிய காலைல தூவுங்க. கல்பாசிக்கும் புகைக்கும் அப்படி ஒரு பொருத்தம், என்னக் கேட்டா அமெரிக்காக்காரனுக்கு இல்லாத ஒரு கை நமக்கு இங்கதான் இருக்கு.

தொடைய விட முன்னங்கால் சப்பை நல்லா வரும், அதுல சவ்வு ஜாஸ்தி, அந்தச் சவ்வு உருகித்தான் கறி பஞ்சாகும். கறிக்குள்ள 65, 70 டிகிரி வந்ததும் சூடு நகராம நிக்கும், டிரம் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சு கரிய அள்ளிப் போடாதீங்க, கறி மேல வேர்த்து அந்த ஈரம் ஆவியாகி குளுர வைக்குது, அவ்வளவுதான். அப்ப வாட்டுன வாழையிலைல சுத்தி, மேல அலுமினியத் தாள் போட்டு திரும்ப வைங்க. உள்ள 90, 95 வந்தா எலும்பு தானா கழண்டு வரும். வெள்ளாட்டுல கொழுப்புக் கம்மி, சுத்தாம விட்டா வறண்டுரும்.

நாட்டுக்கோழி வேகும், ஆனா முத்துன கோழின்னா ரப்பர்தான், அதை மிளகுச் சாறு வச்சுருங்க. பிராய்லர தோலோட உரிக்காம வாங்கி 140, 150 டிகிரில வைங்க, தோலு கொஞ்சம் முறுகும். தொடையோட தடிச்ச எடத்துல 74 டிகிரி காட்டாம எடுக்காதீங்க. காசு மிச்சம் புடிக்கிறேன்னு குத்திப் பாக்குற தெர்மாமீட்டர் வாங்காம விடாதீங்க, கறி கலர் பாத்து வெந்துருச்சான்னு சொல்ல முடியாது, புகைல நல்லா வெந்த கறிகூட செவப்பா இருக்கலாம்.

ஐப்பசி மழைல துரு புடிக்காம எப்படி வைக்கிறது?
*வாசகர், குன்றக்குடி*

துருவயும் ஆராயுற, 1948ல நேரு அடிக்கல் நாட்டுன சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) நம்ம காரைக்குடில இருக்கு, ஆனா உங்க டிரம்முக்கு கடலெண்ணெய் போதும். சமைச்சு முடிச்சதும் எல்லா ஓட்டையையும் மூடிருங்க, காத்து இல்லாம கரி தானா அணையும், மிச்சக் கரி அடுத்த தடவைக்கு ஆகும். மறுநாள் நல்லா ஆறினப்புறம் சாம்பலை அள்ளுங்க, சாம்பல்ல ஈரம் சேர்ந்தாத்தான் அடித்தகடு ஓட்டையாகுறது. அள்ளுற அன்னைக்கே குப்பைல கொட்டாதீங்க, உள்ள ஒரு கங்கு உயிரோட கிடக்கும்.

உப்புக்கண்டத்த மழைக்காலத்துல இந்த டிரம்முல புகை போட்டுக் காய வைக்கலாமா?
*வாசகி, கோனாபட்டு*

முடியாது ஆச்சி. டிரம்முல எவ்வளவு அடக்குனாலும் 90, 100 டிகிரி இருக்கும், அதுல கறி காயாது, வெந்துரும். வெந்த கறிய கயித்துல கோத்து தொங்க விட்டா ரெண்டே நாள்ல கெட்டுப் போகும். வெயில் வரட்டும், சித்திரைல போட்டுக்கங்க.